பூச்சிக்கு மூலிகை வேலை செய்யுமா? ஊரில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் மீன் வாங்க நின்றாலும் சரி, கோவில் அன்னதான வரிசையில் நின்றாலும் சரி, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "லேப் அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். விஷயம் பெரும்பாலும் வயிறுதான், வயிற்றுப் பூச்சிதான். அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 31 வருஷம் மைக்ராஸ்கோப் வழியாக ஊராரின் மலத்தைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் யாருக்கும் வெட்கம் இல்லை.

கொஞ்ச நாளாகக் கேள்விகள் மாத்திரையை விட்டு மூலிகைப் பக்கம் திரும்பியிருக்கின்றன. என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் மூலிகைகளைப் புழுக்கள் மேல் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்தது ஊருக்குத் தெரிந்துபோனதும் ஒரு காரணம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன். இனிமேல் மீன் கெடுவதற்குள் வீட்டுக்குப் போகலாம்.

பூச்சின்னா எல்லாம் ஒரே பூச்சிதானே அக்கா?

இல்லை. நம் ஊரில் நாக்குப்பூச்சி என்று சொல்வது உருளைப்புழு. ஒரு ஜாண் நீளம்கூட வளரும், வெளியே வந்தால் வீடே அலறும். கீரைப்பூச்சி என்பது வெள்ளை நூல் மாதிரி, ராத்திரியில் ஆசனவாயைச் சுற்றி வந்து முட்டையிட்டு அரிப்பைக் கொடுக்கும். கண்ணில் படாமல் குடலில் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிப்பது கொக்கிப்புழு. அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வரும். பால்மரக் காட்டில் செருப்பில்லாமல் நடந்த தலைமுறைக்கு இதனால்தான் சோகை. நான்காவது சாட்டைப்புழு.

இந்த வேறுபாடு முக்கியம். ஒன்றைக் கொல்வது இன்னொன்றைத் தொடாமலும் போகலாம். "பூச்சிக்கு நல்லது" என்று ஒரு செடியைச் சொன்னால், எந்தப் பூச்சிக்கு என்பதுதான் என் முதல் கேள்வி. இன்னொன்று: கடையில் போய் வெறுமனே "பூச்சி மருந்து" என்று கேட்காதீர்கள். செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் அந்தப் பெயரில் வேறு சரக்கு கிடைக்கும்.

இனிப்பு தின்னா பூச்சி வருமா? ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறானே?

வராது. பூச்சி வருவது முட்டையிலிருந்து, அதுவும் மண், அழுக்குக் கை, கழுவாத கீரை வழியாக. பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பு இல்லை. மிட்டாயைக் குறைப்பது பல்லுக்கு நல்லது, அதற்காகக் குறையுங்கள்.

அந்தக் காலத்துல எஸ்டேட்டுல விளக்கெண்ணெயும் வேப்பங்கொழுந்தும்தான். எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம்?

நல்லா இருந்தவர்கள்தான் இன்று உட்கார்ந்து சொல்கிறோம். 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளுக்கு வந்து கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. சாமுவேல் டார்லிங் என்பவர் தலைமை. தோட்டக் கூலிகளாக வந்த நம் ஆட்களின் ரத்தத்தை எது குடிக்கிறது, எந்த மருந்து எத்தனை புழுவை வெளியேற்றுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த வேலை அது. தோட்டத்து லய வீடுகளில் விளக்கெண்ணெய் இல்லாமலா இருந்தது? இருந்தும் புழு இருந்தது.

விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவும், புழுவைக் கொல்லாது. ஏற்கனவே மயங்கிய புழுவைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். பிறகு 1974 முதல் 1983 வரை நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான புழு ஒழிப்புத் திட்டம் நடந்தது. கழிப்பறை, குழாய்த் தண்ணீர், செருப்பு, அந்தத் திட்டத்தில் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துதான் நிலைமையை மாற்றின. பாட்டியின் கைமருந்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் முழுப் பெயரையும் அதற்கே எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

அப்போ மூலிகையில ஒண்ணுமே இல்லைன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. நான் மேலே சொன்ன குழு சோதித்த மருந்துகளில் இரண்டு செடியிலிருந்து வந்தவை. ஒன்று கீனோபோடியம் எண்ணெய், ஒரு வகைக் காட்டுக் கீரையின் எண்ணெய். இன்னொன்று தைமால். அது வேறெங்கும் இல்லை, உங்கள் அஞ்சறைப் பெட்டி ஓமத்தின் வாசனையே அதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு உலகம் முழுக்க அதைத்தான் கொடுத்தார்கள். சான்டோனின் என்பது ஆர்ட்டிமிசியா சீனா என்ற செடியின் மொட்டிலிருந்து எடுத்தது, உருளைப்புழுவுக்குப் பல காலம் ஓடியது. மாதுளை வேர்ப்பட்டையிலிருந்து எடுத்த பெல்லிட்டியரின் என்ற மருந்து நாடாப்புழுவுக்கு. வேலியில் படர்ந்து வெள்ளையாய்ப் பூத்துச் சிவப்பாய் மாறும் ரங்கூன் மல்லி இருக்கிறதே, மலாய்க்காரர்கள் அகார் டானி என்பார்கள், அதன் விதை சீன மருந்துக் கடையில் பழைய புழு மருந்து. அதில் குயிஸ்குவாலிக் அமிலம் என்ற பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் இவற்றைக் கைவிட்டார்கள்? புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. கீனோபோடியம் எண்ணெயால் இறந்தவர்கள் உண்டு. தைமால் சாப்பிட்ட நாளில் எண்ணெயும் சாராயமும் தொடக்கூடாது, தொட்டால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் பேதிக்கு விளக்கெண்ணெய் கூடாது, பேதி உப்புதான் கொடுக்க வேண்டும். (இதைப் படித்துவிட்டு ஓமத் தண்ணீரைக் கண்டு பயப்படாதீர்கள். அதில் இருக்கும் தைமால் மிகக் கொஞ்சம். பூச்சியும் அதற்குப் பயப்படாது.)

கஷாயம் கொடுத்த மறுநாள் புழு வெளியே வந்துச்சு, கண்ணால பார்த்தேன். இதுக்கு மேல என்ன டெஸ்ட்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கோபத்தோடு வரும் கேள்வியும் இதுதான். கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஒன்று: போத்தலில் போட்டு "புழு" என்று கொண்டுவந்ததை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, தௌகே (முளைப்பயறு) வேராகவும் செரிக்காத மீகூனாகவும் (அரிசி சேமியா) இருந்த நாட்கள் நிறைய. வாழைப்பழ நார்கூடக் கறுப்பு நூல் மாதிரி வந்து பயமுறுத்தும்.

சரி, உண்மையான புழுவே என்று வைத்துக்கொள்வோம். உருளைப்புழுவுக்கு ஆயுள் ஓரிரண்டு வருஷம்தான். வயதான புழு தானாகவே வெளியே வரும், காய்ச்சல் வந்தாலும் வரும். நீங்கள் கஷாயம் கொடுத்தது எப்போது? பிள்ளைக்கு வயிறு மோசமாக இருந்தபோது. எதுவும் மோசமான நேரத்தில் ஆரம்பித்தால் அடுத்து நன்றாகத்தான் தெரியும். அப்புறம், வெளியே வந்தது ஒன்று. உள்ளே எத்தனை? ஒரு பெண் உருளைப்புழு நாளுக்கு ஏறக்குறைய 2,00,000 முட்டை இடும். ஒன்று போய் ஐந்து தங்கினால் உங்கள் கண்ணுக்கு வெற்றி, என் கண்ணாடிச் சில்லில் நிலைமை கிட்டத்தட்ட அதேதான்.

கஷாயம் குடித்தும் ஒன்றும் வராத பிள்ளைகளின் கதையை யாரும் பசாரில் சொல்வதில்லை. வந்தவர்கள்தான் சொல்வார்கள்.

அப்ப எப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க?

முட்டையை எண்ணுவார்கள். காட்டோ-காட்ஸ் என்று ஒரு முறை. சின்ன அச்சில் 41.7 மில்லிகிராம் மலத்தை எடுத்து, கிளிசரினில் ஊறிய செல்லோஃபேன் தாளால் அமுக்கி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது. வந்த எண்ணை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று தெரியும். 100 எண்ணினால் 2,400. மருந்து கொடுத்து 14 முதல் 21 நாளுக்குள் மறுபடி எண்ணி 10 வந்தால் 240. அதாவது 90 சதவீதம் குறைந்திருக்கிறது. முற்றிலும் முட்டை இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கணக்கு.

ஆனால் இது பாதி வேலைதான். அதே ஊரில், அதே வயதில், மருந்து இல்லாத ஒன்றைக் குடித்த இன்னொரு கூட்டம் வேண்டும். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும், எண்ணுகிறவருக்கு எந்தச் சில்லு யாருடையது என்று தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்திருந்தால் நான் நேர்மையாக எண்ணியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பவர்களுக்காகத்தான் அந்த விதி.

யூனிவர்சிட்டியிலயே நிரூபிச்சுட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

அனுப்பியவரிடம் எந்தப் புழுவில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இந்தியக் கல்லூரிகளில் வந்த இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பகுதி மண்புழுவில் செய்தவை. தட்டில் மூலிகைச் சாற்றை ஊற்றி மண்புழுவைப் போட்டு, எத்தனை நிமிஷத்தில் அசைவு நின்றது, எத்தனை நிமிஷத்தில் செத்தது என்று குறிப்பார்கள். மலிவு, சுலபம், பட்டப்படிப்பு மாணவர்கள் கைபழக நல்லது. ஆனால் மண்புழு தோலால் சுவாசிக்கும் மண்வாசி, ஒட்டுண்ணியே அல்ல, உருளைப்புழுவுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. அதைக் கொல்ல உப்பே போதும். உப்பைப் புழு மருந்து என்று யாரும் சொல்வதில்லை.

அளவையும் பாருங்கள். அந்த ஆய்வுகளில் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் சாறு என்பது சாதாரணம். குடலில் அரை லிட்டர் நீர்மம் என்று தோராயமாக வைத்தால், அதே அடர்த்திக்கு 25 கிராம் வற்றிய சாறு வேண்டும். பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்றால் 250 கிராம் காய்ந்த இலை. பச்சை இலை என்றால் ஒரு கிலோவுக்கு மேல், ஒரே வேளையில். ஆடு தின்னும், ஆள் தின்ன முடியாது. அதோடு அவர்கள் பெரும்பாலும் மெத்தனாலில் எடுத்த சாறு அது. உங்கள் பாட்டி தண்ணீரில் காய்ச்சியது. இரண்டிலும் இறங்கும் பொருள் ஒன்றல்ல.

மண்புழு ஒத்துவராதுன்னா வேற எதுல சோதிப்பாங்க?

ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் என்ற புழு நல்ல மாதிரி. அது நம் கொக்கிப்புழுவின் கூட்டத்தைச் சேர்ந்தது. முட்டை பொரிகிறதா, குஞ்சு வளர்கிறதா என்று தட்டில் பார்ப்பார்கள். பிறகு எலி, பிறகு ஆடு, கடைசியில்தான் மனிதன். மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் இந்தப் புழு வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாமல் போனது பதிவான விஷயம். மூலிகை ஆய்வுக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. ஆடு வளர்க்கிறவர்கள் என் அண்ணன் மகளிடம் கேட்கும் கேள்விகள் நம்முடையதை விடக் கூர்மை. காசு போவது அவர்களுக்கு அல்லவா.

எந்தச் செடி என்பதற்கும் சாட்சி வேண்டும். பூ, இலையோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளர் பெயர் எழுதி, எண் போட்டுப் பாதுகாப்பார்கள். நம்மிடம் வேம்பு, நிலவேம்பு, மலைவேம்பு என்று மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்றும் வேறு வேறு. மலைவேம்பு வகையில் ஒன்றான மீலியா அசெடராக் மரத்தின் பழம் நச்சு. "வேம்பு கொடுத்தேன்" என்ற ஒரு வார்த்தையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பப்பாளி விதை நல்லதுன்னு சொல்றாங்களே? அதையாவது ஒத்துக்குங்க லா.

ஒத்துக்கொள்கிறேன், பாதி. பப்பாளிப் பாலில் இருக்கும் நொதிகள் புழுவின் தோலையே கரைப்பதை இங்கிலாந்தில் எலியிலும் ஆட்டிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிலும் ஒரு ஆய்வு உண்டு. 2007ல் வெளிவந்தது, நைஜீரியாவில் 60 பிள்ளைகள். காய்ந்த பப்பாளி விதைப் பொடியைத் தேனில் கலந்து 30 பேருக்கு, வெறும் தேன் 30 பேருக்கு. ஏழு நாள் கழித்துப் பார்த்ததில் விதை சாப்பிட்டவர்களில் 23 பேருக்கு மலத்தில் ஒட்டுண்ணி இல்லை. வெறும் தேன் குடித்தவர்களில் 5 பேருக்கும் இல்லை.

அந்த 5 பேரைக் கவனியுங்கள். அவர்கள் நம் ஊரில் இருந்தால் "தேன் பூச்சிக்கு அபாரம்" என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். வித்தியாசம் பெரிதுதான், ஆகவே பப்பாளியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 60 பேர் சிறு கூட்டம், ஏழு நாள் குறுகிய காலம், புழு மட்டுமல்லாமல் அமீபா போன்றவையும் அந்தக் கணக்கில் கலந்திருந்தன. இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டிய ஆய்வு அது. கர்ப்பிணிகள் பப்பாளிப் பால், விதைப் பக்கமே போக வேண்டாம்.

வேப்பெண்ணெய் ஒரு ஸ்பூன்தானே, கைக்குழந்தைக்குக் கொடுத்தா என்ன?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 1981ல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதியவர்கள் மலேசிய மருத்துவர்கள்தான். நம் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட சின்னக் குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு. ஈரலும் மூளையும் பாதிக்கும் ரேய் நோய் போன்ற நிலை. உயிர் போனதும் உண்டு. பெரியவர்கள் வேப்பங்கொழுந்தை மென்று துப்புவது வேறு, எண்ணெயைக் குழந்தை வாயில் ஊற்றுவது வேறு.

குப்பைமேனி, ஆடுதீண்டாப்பாளை எல்லாம் சித்த வைத்தியத்திலேயே இருக்கே?

இருக்கிறது. வாய்விடங்கமும் இருக்கிறது. நூலில் இருப்பது ஆராயத் தகுந்தது என்பதற்கு அடையாளம். ஆபத்தில்லாதது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

குப்பைமேனிச் சாற்றில் ஒரு தனிச் சிக்கல். இந்நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனி சேர்த்த கஞ்சி குடித்து, சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீர் கோப்பி-ஓ (பால் சேர்க்காத காபி) நிறத்தில் போகும். பிள்ளையின் பிறப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ரசக்கற்பூரம் (அந்துருண்டை) ஆகாது என்று எழுதிய பிள்ளைக்கு இதுவும் ஆகாது.

ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது இதே அமிலத்தால்தான். புற்றுநோய் வரவழைக்கும் என்பதும் உறுதியானது. அந்தச் செடியைத் தொடாத ஆடு நம்மை விட விவரம்.

பாக்கெட்டுல மால் நம்பர் போட்டிருக்கே, அரசாங்கம் ஒத்துக்கிட்டதுதானே?

மால் (MAL) என்று தொடங்கி, எண்கள் வந்து, கடைசியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது மலேசிய அரசாங்கத்திடம் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. கன உலோகம், கிருமி, திருட்டுத்தனமாகக் கலந்த மருந்து இல்லை என்று பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்திருப்பார்கள். அது பெரிய விஷயம்தான், எண்ணே இல்லாத பொடியை விட நூறு மடங்கு மேல். ஆனால் மேலே முட்டை எண்ணிக் காட்டினேனே, அந்த மாதிரிச் சோதனையில் தேறியது என்று அதற்குப் பொருள் இல்லை.

மாத்திரை மட்டும் நூறு சதவீதமா?

இல்லை, நல்ல கேள்வி. அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்தால் உருளைப்புழு 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்குப் போய்விடும். கொக்கிப்புழு 80 பேருக்கு. சாட்டைப்புழு 30 பேருக்குத்தான். இது பல ஆய்வுகளைச் சேர்த்து 2017ல் போட்ட கணக்கு. ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தால் சாட்டைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்கிறது. அந்த ஐவர்மெக்டினின் மூலமும் ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிதான். அதற்கு 2015ல் நோபல் கிடைத்தது. அதே வருஷம் பரிசின் மறுபாதி செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்த சீனப் பெண்மணி து யூயூவுக்கு. ஆகவே புது மருந்தை இயற்கையில் தேடுவது பைத்தியக்காரத்தனம் அல்ல. சாட்டைப்புழுவை அடக்கும் ஒரு செடி கிடைத்தால் நான்தான் முதலில் கைதட்டுவேன்.

மாத்திரை சாப்பிட்டும் திரும்ப வருகிறதே என்றால், அது பெரும்பாலும் மறுபடி தொற்றியது. மண்ணில் முட்டை இருக்கும் இடத்தில் ஒரு வருஷத்தில் பழைய நிலைக்கே வந்துவிடலாம். கீரைப்பூச்சி என்றால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அண்ணனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நம்ம பாட்டி சொன்ன மருந்தை எடுத்து நாளைக்கு ஒரு கம்பெனி காசு பார்த்தா?

நியாயமான பயம். உயிரின வளத்தையும் அதோடு சேர்ந்த பாரம்பரிய அறிவையும் எடுப்பவர்கள் அனுமதி பெற வேண்டும், பலனைப் பகிர வேண்டும் என்று 2017ல் மலேசியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆய்வு என்று சொல்லி யாராவது வந்து பாட்டியிடம் கேட்டால், எந்தப் பல்கலைக்கழகம், ஒப்புதல் படிவம் எங்கே என்று கேளுங்கள். நல்ல ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மாத்திரையைக் கொடுக்காம மூலிகை மட்டும் கொடுத்து எங்க பிள்ளைங்க மேலயே சோதிச்சுப் பார்க்கலாமா?

நீங்களாகச் செய்வது சோதனை ஆகாது. ஏன் என்பதை மறுநாள் வந்த புழுவைப் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். முறையான ஆய்விலும் இதுதான் மிகக் கஷ்டமான இடம். வேலை செய்யும் மாத்திரை இருக்கும்போது சோகை பிடித்த பிள்ளையிடம் அதை மறைக்கக் கூடாது. அதனால் நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் கையெழுத்து, ஆய்வு முடிந்ததும் எல்லாருக்கும் மாத்திரை என்று நிபந்தனைகள் இருக்கும்.

சரி, மாத்திரையும் கஷாயமும் சேர்த்தே கொடுத்துடறேன். அப்போ?

அப்போது எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கஷாயம் பெயர் வாங்கிக்கொள்ளும். அதைவிட, பிள்ளைக்கு வாந்தியோ மயக்கமோ வந்தால் எதனால் என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். கொடுத்திருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மருந்துக்கு முன் ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை மலத்தைச் சோதிக்கக் கொடுங்கள். கீரைப்பூச்சிக்கு மலம் உதவாது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், செலோடேப்பை ஆசனவாயில் ஒட்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். மற்றப் புழுக்களுக்கு அன்றைக்கு வந்த மலமே வேண்டும், நேற்று ராத்திரியதை ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக் கொண்டுவராதீர்கள். கொக்கிப்புழு முட்டை மட்டும் காத்திருக்காது. காட்டோ சில்லில் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். லேபில் இருப்பவர் டீ குடிக்கப் போகுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.